பங்கைக் கொடுப்பதற்கு முன்னால் கணக்கைக் காட்டுங்கள்

ஊழியர்களுக்குப் பங்கு தரும் 'ஈசாப்' திட்டம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கோவைத் தொழிற்சாலைகளில் கம்பெனி செக்ரட்டரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மேடம், எங்களுடையது மோனோபிளாக் பம்ப்செட் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 70 பேர் வேலை பார்க்கிறார்கள். நாங்கள் பழக்கித் தேற்றிய பையன்களை, மாதம் 4,000 ரூபாய் கூடக் கொடுத்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர் இழுத்துக்கொள்கிறார். "ஆளுக்குக் கொஞ்சம் ஷேர் கொடுங்க, சொந்தக் கம்பெனியா நெனச்சு நின்னுருவாங்க" என்கிறார் ஆடிட்டர். கொடுக்கலாமா?
– ஒரு பம்ப் தயாரிப்பாளர், கணபதி, கோவை

பதில்: கொடுக்கலாம்ங்க. ஆடிட்டர் சொன்னதில் முன்பாதி சரி. பின்பாதி தானாக நடக்காது. ஷேர் அலாட் ஆன மறுநாள் காலை ஷிஃப்ட்டுக்கு வருகிற ஃபிட்டர், முந்தின நாள் வந்த அதே ஃபிட்டர்தான். அந்த ஷேர் எவ்வளவு பெறும், எப்போது காசாகும், எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்று தெரியாத வரைக்கும் அவருக்கு அந்த 4,000 ரூபாய்தான் பெரிது. அவர் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிற ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் தொழிற்சாலை ஒன்று இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியிடம் இருந்தது. தாய்க் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். 1983ல் ஜாக் ஸ்டாக் என்ற மேனேஜரும் கூட இருந்த 12 பேரும் அதை விலைக்கு வாங்கினார்கள். கைக்காசு 1 லட்சம் டாலர், கடன் 89 லட்சம் டாலர். இந்தக் கணக்கோடு நம்மூர் பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போனால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார். அன்றைக்கு ஒரு பங்கின் மதிப்பு வெறும் 10 சென்ட்.

ஒரு மாதம் சறுக்கினாலும் கடன்காரன் வாசலுக்கு வந்துவிடுவான். அதனால் காசு எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும் என்று ஸ்டாக் முடிவு செய்தார். கிரீஸ் கையோடு நிற்பவர்களுக்கும் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் லாப நஷ்டக் கணக்கையும் பேலன்ஸ் ஷீட்டையும் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டம் போட்டால் ஒவ்வொரு பிரிவும் தன் செலவுக் கணக்கைத் தானே எழுந்து சொல்ல வேண்டும். ஈசாப் மூலம் பங்கும் கிடைத்தது, குறித்த எண்ணை எட்டினால் போனஸும் உண்டு. 1986 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் 5,000 எஞ்சின் ஆர்டரை ரத்து செய்தபோது, ஆளைக் குறைப்பதா வேண்டாமா என்ற கேள்வியையே கணக்கோடு சேர்த்துத் தொழிலாளிகள் முன்னால் வைத்தார்கள். ஆட்குறைப்பு வேண்டாம், புதுப் பொருள் செய்யக் கற்றுக்கொள்கிறோம் என்று அவர்களே சொல்லி, கற்றும் காட்டினார்கள். பங்கை மட்டும் கொடுத்துக் கணக்கைப் பூட்டி வைத்திருந்தால் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் வாய் திறக்க விஷயமே இருந்திருக்காது.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். மேனேஜர்களுக்கு மட்டும் ஈசாப் கொடுத்தார்கள். சட்டப்படி வைக்க வேண்டிய எஸ்.எச்.6 பதிவேட்டை நான்தான் எழுதி வந்தேன். ஷாப் ஃப்ளோரில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்ததே கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டால், "ஷேர் வாங்குனவங்களக் கூப்புடுங்க" என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது, எம்.டி.க்கு வரவில்லை.

அதனால் உங்களிடம் சொல்வது, முதல் வருஷம் ஷேரே வேண்டாம். கணக்கைக் காட்டப் பழகுங்கள். முழு பேலன்ஸ் ஷீட்டையும் சுவரில் ஒட்டினால் யாரும் படிக்கப் போவதில்லை. மூன்று எண் போதும்: வார்ப்பில் ரிஜெக்‌ஷன் எத்தனை சதவீதம், இந்த மாத இ.பி. பில் எவ்வளவு, டீலர்களிடம் நிற்கிற பாக்கி எவ்வளவு. வைண்டிங் பிரிவில் வேலை செய்கிறவரிடம் செம்புக் கம்பி இன்றைக்குக் கிலோ என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். தங்கம் விலை சொல்வார், செம்பு விலை தெரியாது. யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இரண்டாம் வருஷம், ஒரு லாபக் கோட்டைப் போட்டு, அதற்கு மேல் வருகிற லாபத்தில் இத்தனை சதவீதம் உங்களுக்கு என்று எழுதிக் கொடுங்கள். தீபாவளி போனஸோடு இதைக் கலக்காதீர்கள். 8.33 சதவீதம் சட்டம் கொடுக்கச் சொன்னது, அதில் உங்கள் தாராளம் ஒன்றும் இல்லை.

"கணக்கைக் காட்டினால் சம்பளம் கூடக் கேட்பார்களே" என்பீர்கள். இப்போது மட்டும் கேட்காமலா இருக்கிறார்கள்? கணக்கு தெரியாததால் உங்கள் புதுக் காரைப் பார்த்துக் கேட்கிறார்கள். முதலாளிகள் கணக்கைக் காட்டத் தயங்குவதற்கு நான் பார்த்த நிஜக் காரணம் வேறு. வீட்டு மளிகையும் பிள்ளையின் ஊட்டி ஸ்கூல் ஃபீசும் கம்பெனிச் செலவில் ஏறியிருக்கும். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். அப்படி எதுவும் இருந்தால் முதலில் அதைப் பிரித்து வையுங்கள். ஊழியர் பங்குதாரராக வந்துவிட்டால் அந்த ஃபீசில் அவர் காசும் இருக்கும்.

மூன்றாம் வருஷம் ஷேருக்குப் போகலாம். பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். முதலில் கொடுப்பது ஆப்ஷன், அதாவது குறித்த விலைக்குப் பின்னால் ஷேர் வாங்கிக்கொள்ளும் உரிமை. அதைக் கொடுத்த நாளிலிருந்து அது ஊழியருக்கு உரியதாகக் குறைந்தது ஒரு வருஷம் ஆக வேண்டும். நிரந்தர ஊழியருக்குத்தான் கொடுக்கலாம், கான்ட்ராக்ட் ஆளுக்கு முடியாது. பிரைவேட் கம்பெனியில் 200 பங்குதாரர் வரம்பு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஊழியர்களாக இருந்து பங்குதாரர் ஆனவர்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வெளியே வரும் வழி. உங்கள் ஷேர் மார்க்கெட்டில் விற்காது. ஃபிட்டர் மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்றால் யாரிடம் விற்பார்? கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் (பைபேக்), அல்லது ஊழியர் நலனுக்கு ஒரு டிரஸ்ட் வைத்து அது வாங்கலாம். எது என்றாலும் எந்த மாதம், எந்த விலைக் கணக்கில் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுத மனசு வரவில்லை என்றால் ஷேர் கொடுக்காதீர்கள். ஷேர் விலை ஏறிய அளவுக்கு ரொக்கமாகக் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. அது உங்கள் மாதிரி கம்பெனிக்கு இன்னும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: மேடம், ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் குறைவு. ஆனால் 10,000 ஈசாப், மதிப்பு 20 லட்சம் என்று ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கிறார்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸில் எல்லோரும் கோடீஸ்வரர் ஆனார்களே, நம்பிப் போகலாமா?
– ஒரு சாஃப்ட்வேர் ஊழியர், துரைப்பாக்கம், சென்னை

பதில்: தம்பி, 10,000 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு அர்த்தமும் கிடையாது. மொத்தம் எத்தனை ஷேர் என்று கேளுங்கள். ஆப்ஷன், முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்கு எல்லாம் சாதாரண ஷேராக மாற்றப்பட்டதாக வைத்து, மொத்தம் 1 கோடி ஷேர் என்றால் உங்கள் பங்கு 0.1 சதவீதம். 10 கோடி என்றால் 0.01. "அந்த விவரம் சொல்வதில்லை" என்று எச்.ஆர். சொன்னால், அந்த 20 லட்சத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுங்கள். பங்குதாரராகக் கூப்பிடுகிறவர்கள் மொத்தப் பங்கைச் சொல்லக் கூச்சப்படுவது எனக்குப் புரிந்ததே இல்லை.

அடுத்து, எக்சர்சைஸ் விலை என்ன? அதாவது ஆப்ஷனை ஷேராக மாற்ற நீங்கள் கட்ட வேண்டிய தொகை. 20 லட்சம் என்று அவர்கள் போட்டது அதைக் கழித்த பிறகா, கழிக்காமலா? அப்புறம் வெஸ்டிங், அதாவது ஆப்ஷன் உங்களுக்கு உரியதாக ஆகும் காலம். பெரும்பாலும் நான்கு வருஷம், முதல் வருஷம் முடியும் வரை ஒன்றும் கிடையாது. பதினோராவது மாதம் கிளம்பினால் வெறுங்கைதான்.

முதலீட்டாளர்களின் உரிமையையும் கேட்டு வையுங்கள். கம்பெனியில் 90 கோடி போட்டவர்கள், விற்கும்போது தங்கள் 90 கோடியை முதலில் எடுத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். கம்பெனி 100 கோடிக்கு விலைபோனால் பேப்பரில் செய்தி பெரிதாக வரும். நிறுவனர், ஊழியர் எல்லோருக்குமாகச் சேர்த்து மிஞ்சுவது 10 கோடி.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் கதை நிஜம். 2010ல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் ஆரம்பித்த சாஃப்ட்வேர் கம்பெனி அது. 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஒரு பங்கு 36 டாலர் என்று வெளியிட்டார்கள். 500 ஊழியர்களுக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அதில் 70 பேர்வரை 30 வயதுகூட ஆகாதவர்கள். ஊழியர்களில் நாலில் மூன்று பேரிடம் பங்கு இருந்தது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். அடுத்த வருஷமே அந்தப் பங்கு 36 டாலரில் பாதிக்கும் கீழே போனது. இன்னொரு பக்கம் ஆன்லைனில் பாடம் நடத்திய பைஜூஸ். 2022ல் 22 பில்லியன் டாலர் மதிப்பு என்றார்கள், 2024ல் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. அந்த ஊழியர்களின் கையிலும் ஆஃபர் லெட்டர் இருந்தது.

உங்களுக்கு 27, 28 வயதாகி, வீட்டுக் கடன் இல்லாமல், வேலையும் பிடித்திருந்தால் போங்கள். சம்பளக் குறைவை ஈசாப் ஈடுகட்டும் என்ற கணக்கோடு போகாதீர்கள்.

கேள்வி: அம்மா, என் கணவர் வேலையை விட்டுவிட்டார். அவருக்குச் சேர்ந்திருக்கும் 2,000 ஆப்ஷனை 90 நாளுக்குள் வாங்காவிட்டால் போய்விடுமாம். ஷேர் 10 ரூபாய்தான், ஆனால் வரி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். என் நகையை அடகு வைக்கலாமா என்கிறார். சம்பாதித்து வராத காசுக்கு எதற்கம்மா வரி?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: நகையை பீரோவிலேயே வைத்துப் பூட்டுங்கள்ம்மா, முதலில் கணக்கைப் பார்ப்போம்.

நீங்கள் மதிப்பு எவ்வளவு என்று எழுதவில்லை. வரித் தொகையை வைத்து ஒரு உதாரணம் சொல்கிறேன். மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பிட்ட விலை 410 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணவர் 10 ரூபாய்க்கு வாங்குகிறார். வித்தியாசம் 400 ரூபாய், 2,000 ஷேருக்கு 8 லட்சம். இந்த 8 லட்சத்தை வருமான வரித்துறை அவருக்கு வந்த சம்பளமாகவே பார்க்கிறது. 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 2,49,600 ரூபாய். ஷேர் விலை 20,000. ஆக 2,69,600 ரூபாய் கையிலிருந்து போகும், கைக்கு வருவது மார்க்கெட்டில் விற்க முடியாத ஷேர். பின்னால் விற்கும்போது, 410க்கு மேல் கிடைக்கும் லாபத்துக்குத் தனியாக வரி. மார்க்கெட்டுக்கு வராத ஷேரை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம். 410க்குக் கீழே விலை போனால்? கட்டிய சம்பள வரி திரும்ப வராது. இந்தச் சட்டம் நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைச் சில வருஷம் தள்ளிக் கட்டும் சலுகை 2020ல் வந்தது. ஆனால் அரசுக் குழுவின் தனிச் சான்று பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும்தான் அது, அதிலும் வேலையை விட்டால் உடனே கட்டியாக வேண்டும். உங்கள் கணவருக்கு அது உதவாது.

இப்போது அவர் செய்ய வேண்டியது, கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்று விஷயம் கேட்பது. இதற்கு முன்னால் எப்போதாவது ஊழியர் ஷேரை பைபேக் செய்திருக்கிறீர்களா? அடுத்தது எப்போது? 90 நாள் கெடுவை நீட்டிக்க முடியுமா? சில கம்பெனிகள் கெடுவை வருஷக்கணக்கில் நீட்டிக் கொடுக்கின்றன. அது திட்ட ஆவணத்தையும் போர்டையும் பொறுத்தது. முழு 2,000ஐயும் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலான திட்டங்களில் 300, 400 என்றும் வாங்கலாம். தொலைந்தாலும் தூக்கம் கெடாத தொகை எதுவோ, அந்த அளவுக்கு வாங்கட்டும். கடன் வாங்கி, அடகு வைத்து மட்டும் வேண்டாம்.

கேள்வி: வேலையில் இருக்கும்போதே அண்ணன் மாரடைப்பில் தவறிவிட்டார். ஈசாப் நான்கு வருஷத் திட்டம், இரண்டு வருஷம்கூட முடியவில்லை. அண்ணிக்கு ஒன்றும் வராது என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: தப்பாகச் சொல்கிறார்கள். கம்பெனிச் சட்ட விதிகளின்படி, பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் அதுவரை கொடுக்கப்பட்ட ஆப்ஷன் அனைத்தும் அன்றைய தேதியிலேயே சட்டப்படியான வாரிசுக்கு உரியதாகிவிடும். மிச்ச வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரிசுச் சான்றிதழோடு கம்பெனி செக்ரட்டரிக்கு அண்ணி பெயரில் கடிதம் எழுதுங்கள். 'கம்பெனிச் சட்ட விதி 12' என்று ஒரு வரி போடுங்கள், பதில் சீக்கிரம் வரும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிறான். அவன் வேலை பார்க்கும் கம்பெனி முழுக்க ஊழியர்களுக்கே சொந்தமாம். ஒரு டாலர்கூட இவன் போடவில்லை, ஆனால் வருஷா வருஷம் பங்கு ஏறுகிறது என்கிறான். ஏதாவது ஏமாற்று வேலையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஸ்ரீரங்கம்

பதில்: ஏமாற்று இல்லை சார். அங்கே ஈசாப் என்றால் நம்மூர் ஆப்ஷன் இல்லை. அது ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம். நம்மூர் பி.எஃப்.க்குச் சொந்தக்காரன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், பணத்துக்குப் பதில் கம்பெனிப் பங்கு சேரும்.

இதைக் கண்டுபிடித்தவர் லூயிஸ் கெல்சோ என்ற சான்பிரான்சிஸ்கோ வக்கீல். 1956ல் பாலோ ஆல்டோவில் ஒரு பத்திரிகைக் கம்பெனியின் முதலாளிகளுக்கு வயதாகிவிட்டது. ஊழியர்களுக்கு வாங்க ஆசை, கையில் காசில்லை. கெல்சோ ஒரு டிரஸ்ட் அமைத்து, கம்பெனியின் வருங்கால லாபத்திலிருந்தே பங்குகளுக்குப் பணம் கட்ட வழி செய்தார். 1974ல் ஓய்வூதியச் சட்டத்தில் இதற்கு இடம் கிடைத்தது. லூசியானா செனட்டர் ரஸ்ஸல் லாங் இதற்காக விடாமல் மல்லுக்கட்டி வரிச் சலுகைகளையும் வாங்கிக் கொடுத்தார். அதனால்தான் அங்கே பிள்ளைகள் தொழிலுக்கு வராத முதலாளிகள் பலர் ஊழியர் டிரஸ்டுக்கு விற்றுவிட்டு ஓய்வெடுக்கிறார்கள். ஓரிகன் மாநிலத்தில் மாவு, ஓட்ஸ் விற்கும் பாப்ஸ் ரெட் மில் நிறுவனர் பாப் மூர், 2010ல் தன் 81வது பிறந்தநாளன்று கம்பெனியை ஊழியர்களுக்குத் தருவதாக அறிவித்தார்.

இங்கே அது முடியாதா என்று கேட்பீர்கள். நம் சட்டத்தில் ஊழியர் டிரஸ்ட் பங்கு வாங்கக் கம்பெனி கொடுக்கும் பணத்துக்கு, மூலதனமும் இருப்பு நிதியும் சேர்ந்த தொகையில் 5 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. 5 சதவீதத்தை வைத்து யாரும் கம்பெனியை வாங்க முடியாது. கோவையிலும் சிவகாசியிலும் பிள்ளைகள் கனடாவில் குடியேறிவிட்ட எத்தனையோ பட்டறைகளை இடத்து மதிப்புக்காக ரியல் எஸ்டேட்காரர் வாங்குவதைப் பார்க்கும்போது, அந்த விதியை மாற்ற ஏன் யாரும் குரல் கொடுப்பதில்லை என்று தோன்றும்.

மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வேலையை விட்ட உடனே பணம் வந்துவிடாது, ஐந்தாறு வருஷம்கூடக் காத்திருக்க வைக்கலாம். அதைத் தவணையாகவும் தரலாம். சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியில் இருப்பதால் வெளியே தனியாக ஒரு சேமிப்பு அவசியம். ஊருக்குத் திரும்பும் திட்டம் இருந்தால் இப்போதே திட்ட ஆவணத்தை ஒரு முறை உட்கார்ந்து படிக்கட்டும்.

கேள்வி: தோழர் என்று கூப்பிட்டால் கோபிக்க மாட்டீர்களே? 'நீயும் முதலாளி' என்று சொல்லிச் சங்கத்தை உடைக்கும் தந்திரம்தானே இந்த ஈசாப்?
– தொழிற்சங்க நிர்வாகி, திருப்பூர்

பதில்: தாராளமாகக் கூப்பிடுங்கள் தோழர். முதலாளிகள் கூட்டத்தில் என்னை அப்படித்தான் கிண்டல் செய்வார்கள்.

தந்திரமாகவும் இருந்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. நீங்கள் படிக்க வேண்டியது யுனைடெட் ஏர்லைன்ஸ் கதை. 1994ல் ஊழியர்கள் 490 கோடி டாலர் அளவுக்குச் சம்பளத்தையும் சலுகைகளையும் விட்டுக்கொடுத்து 55 சதவீதப் பங்கு வாங்கினார்கள். உலகத்திலேயே பெரிய ஊழியர் கம்பெனி என்று கொண்டாடினார்கள். பைலட் சங்கமும் மெக்கானிக் சங்கமும் சேர்ந்தன, விமானப் பணிப்பெண்கள் சங்கம் சேரவில்லை. ஆரம்பத்திலேயே வீடு இரண்டு. பாதிப் பங்கு கையில் இருந்தும் அன்றாட நிர்வாகம் பழைய மாதிரியேதான் நடந்தது. 2000 கோடையில் புது ஒப்பந்தம் தாமதமானதும் பைலட்கள் ஓவர்டைம் பறக்க மறுத்தார்கள், விமானங்கள் வரிசையாக ரத்தாயின. தங்கள் சொந்தக் கம்பெனியை அவர்களே நிறுத்தினார்கள் என்று எழுதினார்கள். சொந்தம் என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால்தானே! 2002 டிசம்பரில் திவால். விட்டுக்கொடுத்த சம்பளத்துக்கு வாங்கிய பங்கு காணாமல் போயிற்று.

அதனால் சங்கம் பிடித்துக்கொள்ள வேண்டியது, சம்பளத்துக்குப் பதிலாக என்று ஈசாப் வந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. பி.எஃப்., போனஸ், கிராஜுவிட்டி எதையும் அதைக் காட்டிக் குறைக்க முடியாது. சம்பளத்துக்கு மேலே வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது கூடவே வருஷக் கணக்கையும் கேளுங்கள். பங்குதாரருக்கு ஆண்டுக் கணக்கைப் பார்க்க உரிமை இருக்கிறது. சங்கத்துக்கு இத்தனை காலம் கிடைக்காத சாவி அது.

நிஜமான தொழிலாளி உடைமை வேண்டும் என்றால் அதற்கு ஈசாப் பாதை கிடையாது, கூட்டுறவுதான். 1957, 58ல் காபி போர்டு மூடிய காபி ஹவுஸ்களை, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு வேலை இழந்த தொழிலாளிகளே சொஸைட்டி அமைத்து எடுத்து நடத்தினார்கள். கேரளாவின் வடகரையில் 1925ல் தொடங்கிய ஊராளுங்கல் சொஸைட்டி இன்றைக்கும் பாலமும் சாலையும் போடுகிறது. அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு. கம்பெனியில் ஷேருக்கு ஒரு ஓட்டு. 70 சதவீதம் முதலாளியிடம் இருந்தால் உங்கள் 2 சதவீதம் கை தூக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: நான் எச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். 'நாம் எல்லோருமே உரிமையாளர்கள்' என்று டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தோம், போஸ்டர் ஒட்டினோம், ஒரு மாற்றமும் இல்லை. ஈசாப் யாருக்கும் புரியவே இல்லை. பட்ஜெட்டும் முடிந்துவிட்டது. என்ன செய்யலாம் மேடம்?
– வாசகி, பெருங்குடி

பதில்: பட்ஜெட் முடிந்தது நல்லதுதான்ம்மா. டி-ஷர்ட்டை விட்டுவிடுங்கள். ஃபைனான்ஸ் பிரிவில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். மாதம் ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன் முக்கால் மணி நேரம். நம் கம்பெனிக்கு இந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முதல் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்றாவது கூட்டத்தில், சி.இ.ஓ. பிசினஸ் கிளாஸில் போனது எந்தத் தலைப்பில் வருகிறது என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு மேலே இருப்பவர்கள் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், நீங்கள் போஸ்டரில் எழுதியதை ஆட்கள் கொஞ்சம் நம்ப ஆரம்பிப்பார்கள். சுளித்தால் நான்காவது கூட்டத்துக்கு ஆள் வராது, நீங்களும் வேறு வேலை தேடலாம்.

இன்னொன்று, ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பக்கத் தாளில் அவர் ஆப்ஷன் எத்தனை, இதுவரை எத்தனை உரியதாகியிருக்கிறது, வாங்க எவ்வளவு கட்ட வேண்டும், வரி சுமாராக எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். திட்ட ஆவணம் 40 பக்கம் இருக்கும், அதை எழுதிய வக்கீலே இரண்டாம் முறை படித்திருக்க மாட்டார்.

கேள்வி: என் டிரைவர் 18 வருஷமாக என்னோடு இருக்கிறார். கம்பெனி ஷேர் கொஞ்சம் அவருக்குக் கொடுக்க ஆசை. முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அவர் சம்பளம் கம்பெனிப் பட்டியலில் நிரந்தர ஊழியராக வருகிறதா, உங்கள் வீட்டுக் கணக்கில் போகிறதா? கம்பெனி ஊழியர் என்றால் ஈசாப்பில் தாராளமாகச் சேர்க்கலாம், ஓட்டுநருக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டுக் கணக்கு என்றால் ஈசாப் வராது. உங்கள் சொந்தப் பங்கில் கொஞ்சத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் சந்தை மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் அவருக்கு வருமான வரி வரும், அந்த வரிக்கும் சேர்த்து நீங்களே பணம் ஒதுக்குங்கள். பிரைவேட் கம்பெனி என்றால் மற்ற பங்குதாரர்கள் சம்மதம் வேண்டுமா என்று கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் பாருங்கள், பெரும்பாலும் வேண்டும். தம்பியோ மச்சானோ பங்குதாரராக இருந்தால் முதலில் அவர்களிடம் பேசிவிட்டு, டிரைவரிடம் அப்புறம் சொல்லுங்கள்.